ஆடித் தபசில் போட்ட உரக்கடை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எங்கே சின்ன ர வரும், எங்கே பெரிய ற வரும் என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் பெரியதையே போட்டிருக்கிறேன். குறைத்துப் போட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள். படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

இதை வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் சேர்ந்து நின்றால் என் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் என்னோடு வேலை பார்க்கிற அக்காதான் இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் கதையில் நான் மேசை மேல் ஏறி நின்று கத்துகிறேன். போன வாரம் சொன்னபோது கரண்டு கம்பத்தில் ஏறிவிட்டேன். நான் எதன் மேலும் ஏறவில்லை. நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது.

நான் சங்கரன்கோவிலில் குப்பை வேலை பார்க்கிறவன். முதலில் தள்ளுவண்டியோடு வீடு வீடாகப் போனேன். விசில் ஊதுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஊதிய பிறகு வாசலுக்கு வரும் வீட்டம்மாவிடம், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டுமே, அங்கேதான் எனக்கு மூச்சு நின்றுவிடும். ஒரு வீட்டம்மா நான் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நிற்பதைப் பார்த்து, உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, பிரிக்காத குப்பையை வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாளும் மோர் தந்தார். மறுநாளும் குப்பை பிரிக்கவில்லை. நல்ல மோர், அதில் குறை சொல்ல முடியாது.

எங்கள் மேஸ்திரி, அதாவது எங்களை வேலை வாங்குகிற மேற்பார்வையாளர், ஒருநாள் என் வண்டியை எட்டிப் பார்த்தார்.

"என்னவே, மீன் செதிலும் பிள்ளைக்குக் கட்டுன பாம்பர்ஸும் ஒரே வாளியில கெடக்கு? பிரிச்சு வாங்கும்னு சொன்னேம்லா. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, நீரு உரக் கொட்டகைக்குப் போயிரும். அங்கன குப்பைகிட்ட யாரும் பேச வேண்டாம். அதுவும் பதில் பேசாது."

எனக்கு அது தண்டனை மாதிரி சொல்லப்பட்டது. ஆனால் அன்றைக்கு நான் சைக்கிளை மிதித்த வேகத்தைப் பார்த்திருந்தால் கல்யாண வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

உரக் கொட்டகை கரிவலம் போகிற பாதையில் ஊருக்கு வெளியே இருக்கிறது. தகரக் கூரை, வரிசையாகச் செங்கல் தொட்டிகள், ஒரு அரவை மிஷின், ஒரு சல்லடை. மார்க்கெட் காய்கறிக் கழிவு, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, கோவிலில் இருந்து வரும் வாடின மாலை எல்லாம் அங்கே வரும். அரைத்துத் தொட்டியில் போட்டு, சாணிக் கரைசல் தெளித்து, அவ்வப்போது கிளறிவிட வேண்டும். உள்ளே கையை விட்டால் இட்லிக் கொப்பரை மாதிரி சுடும். சூடு அடங்கி, மக்கி, சலித்து எடுத்தால் கோடை மழை விழுந்த கரிசல் மாதிரி ஒரு வாசம். எனக்கு அதில் ஒரு சந்தோஷம். அக்காவும் நானும்தான் அங்கே. அவள் பேசுவாள், நான் கிளறுவேன். இரண்டு பேருக்கும் பொருத்தமான வேலை.

வேலையில் தொந்தரவு இல்லாமல் இல்லை. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு தறி ஓடும். வாழைத்தோல் போடுகிற பச்சை வாளியிலேயே கழிவு நூலையும் உருட்டிப் போட்டுவிடுவார்கள். நூலும் மக்கத்தான் செய்யும். ஆனால் மக்குவதற்கு முன்னால் அரவை மிஷினைக் கட்டிப் போட்டுவிடும். பல்லெல்லாம் நூல் சுற்றி, சடை பின்னி ரிப்பன் வைத்த பெண்பிள்ளை மாதிரி மிஷின் நிற்கும். நாங்கள் ஆளுக்கொரு அரிவாளோடு உட்கார்ந்து பேன் பார்க்கிற மாதிரி நூல் எடுப்போம். ஆடி மாசம் வேறு வகை. எங்கள் கோவில் தபசுத் திருவிழாவில், தவமிருந்த அம்பாளுக்குச் சுவாமி காட்சி கொடுக்கும் அன்று, சுற்றுப்பட்டு விவசாயிகள், எங்கள் பேச்சில் சம்சாரிகள், எல்லோரும் தங்கள் வெள்ளாமையில் கொஞ்சத்தை அம்பாளுக்கென்று வீசுவார்கள். பருத்தி, கம்பு, மிளகாய் வத்தல் எல்லாம் பறக்கும். மறுநாள் கூட்டி அள்ளும்போது வத்தலும் எங்களிடம் வந்துவிடும். அந்தத் தொட்டியைக் கிளறினால் அரைநாள் தும்மல்தான். அக்கா தும்மினால் கூரைத் தகரம் பதில் சொல்லும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஒன்றுதான். உரம் ஆகிவிட்டது, வாங்க ஆள் இல்லை. விலை வைத்தோம், வரவில்லை. இலவசம் என்று சொன்னோம், அப்போதும் வரவில்லை. வழியில் போகிற சம்சாரிகள் வண்டியை நிறுத்தி ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பார்கள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா டவுன் குப்பையில ஊசி கெடக்கும், கண்ணாடி கெடக்கும். களை எடுக்க வார பொம்பளையள் கையைக் கிழிச்சிட்டா யார் பாக்க?" என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மூட்டைகள் கூரையைத் தொட்டன. புது மூட்டைக்கு இடமில்லை. பழைய தொட்டியைக் காலி செய்ய முடியவில்லை, புதுக் குப்பையை உள்ளே தள்ளவும் முடியவில்லை. வெளியே காத்துக் கிடந்த குப்பை நாறத் தொடங்கியது.

கொட்டகைக்கு எதிர்த்தாற்போல் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்த அண்ணாச்சி ஒருவர் தினமும் காலையில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வருவார்.

"ஏ மக்கா, நான் என்ன பாவம் செஞ்சேன்? காத்து வாங்கலாம்னு ஊருக்கு வெளிய வீடு கெட்டுனேன். இப்பம் காத்தே எனக்கு எதிரியாப் போச்சே!"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவர் புகார் சொல்ல நகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஆடி பிறந்ததும் மேஸ்திரி வந்து, மூட்டைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, தபசு முடிவதற்குள் உரம் நகரவில்லை என்றால் கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள் என்றார்.

"அப்பம் நாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நீ மார்க்கெட்டு கூட்டப் போ. இவரு பழையபடி வண்டி. விசிலு, வாசலு, வீட்டம்மா."

 அன்றைக்குத் தூக்குச்சட்டிச் சோற்றைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

திருவிழாவில் ஒரு கடை போட்டு, ஊர்ச்சனத்துக்குச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது மேஸ்திரியின் யோசனை. வீட்டுப் பூச்செடிக்குப் போட்டு ருசி கண்டால் பிறகு மூட்டை மூட்டையாகக் கேட்டு வருவார்கள் என்று கணக்கு. திருவிழாவில் பிளாஸ்டிக் பை கூடாது. அதனால் அக்கா பழைய பேப்பரைக் கிழித்துப் பொட்டலம் மடித்தாள். அவளுக்குத் தெரிந்த மடிப்பு ஒன்றே ஒன்றுதான், திருநீற்றுப் பொட்டல மடிப்பு. உரம் நன்றாக இருக்க வேண்டுமே என்று நான் மாவுச் சல்லடையில் இரண்டாம் தடவை சலித்தேன். பார்வைக்குக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும் என்று அக்கா தன் வீட்டுப் பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்தாள். அதில் உரத்தைக் கோபுரமாகக் குவித்தேன். கோவிலுக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று நானும் குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டேன். இதில் எதுவும் தப்பு என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் கோவிலில் புற்றுமண் விசேஷம். தீராத தேமல், சொறி, வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் அதைத்தான் பூசுவார்கள். ஒரு சிட்டிகை வாயிலும் போடுவார்கள். பிறந்ததில் இருந்து நானும் பூசி வளர்ந்தவன்தான். இருந்தும் தோன்றவில்லை பாருங்கள்.

பேனரும் கட்டியிருந்தோம். பக்கத்துக் கரும்புச்சாறுக் கடைக்காரர் வெயிலுக்குப் படுதாவை இழுத்துக் கட்டியதில் உரம் என்கிற எழுத்து உள்ளே போய்விட்டது. வெளியே தெரிந்தது இலவசம் மட்டும்தான்.

"நீரு வாயே திறக்க வேண்டாம். அக்கா பேசிக்கிடுவா. நீரு சும்மா நின்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி கூட்டத்தைப் பார்க்கப் போனார். கொஞ்ச நேரம் அக்கா நன்றாகத்தான் கூவினாள். பிறகு, "தம்பி, ஒரு எட்டு அம்பாளைப் பாத்துட்டு வந்துருதேன்" என்றாள். தபசுக் கூட்டத்தில் ஒரு எட்டு என்று ஒன்று கிடையாது. உள்ளே போனவளைக் கூட்டம் வாரி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் தனியாக, கைகளைக் கட்டிக்கொண்டு, தாம்பாளத்துக்குப் பின்னால் நின்றேன்.

ஆடியில் நேர்ந்துகொண்டவர்கள் கோவிலைச் சுற்றுவார்கள். சிலர் வெளியே ரதவீதியிலும் சுற்றுவார்கள். அப்படிச் சுற்றிவந்த மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா என் முன்னால் நின்றார்.

"அண்ணாச்சி, புத்துமண்ணா?"

"இல்லம்மா, இது உரம்" என்று சொன்னேன். சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. பின்னால் மேளம், மேலே மைக் செட்டு, பக்கத்தில் கரும்பு மிஷின்.

அவர் தாம்பாளத்தில் இருந்து ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடி, நெற்றியில் இட்டு, மிச்சத்தைக் கழுத்தில் தேமல் இருந்த இடத்தில் தேய்த்துக்கொண்டார். "இந்த வருசம் நல்லாக் கறுப்பா இருக்கு" என்றார். ஒரு காசைத் தாம்பாளத்தில் போட வந்தார். நான் வேண்டாம் என்று கையால் மறித்தேன். அதுதான் பெரிய தப்பாகப் போய்விட்டது.

"காசு வாங்க மாட்டாராம்ட்டி!" என்று பின்னால் வந்தவளிடம் சொன்னார்.

"பேசவும் மாட்டேங்காரே."

"மௌன விரதம்ட்டி. மூஞ்சியப் பாத்தாத் தெரியலையா?"

அடுத்த சுற்றில் அந்த அம்மா தன் சொந்தக்காரப் பெண்களைக் கூட்டிவந்தார். அவர்கள் பின்னால் ஒரு வரிசை நின்றது. நான் "உரம், உரம்" என்று உதட்டை அசைத்தேன். "மந்திரம் சொல்லுதாரு" என்றார் ஒருவர். தலையை ஆட்டினேன். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பொட்டலங்கள் கரைந்துகொண்டே வந்தன. இத்தனை காலம் இலவசமாகக்கூட யாரும் தொடாத உரத்துக்கு அடிதடி. உள்ளூர ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது என்பதை மறைக்க முடியாது. இப்படியே போனால் பொழுது அடைவதற்குள் மேசை காலி. கொட்டகையைப் பூட்ட மாட்டார்கள். பூச்செடிக்குப் போகாவிட்டால் என்ன, நெற்றிக்குப் போகட்டுமே, சாயங்காலம் குளிக்கத்தானே போகிறார்கள் என்று மனசு சொல்லிப் பார்த்தது.

அப்போதுதான் இடுப்பில் கைப்பிள்ளையோடு ஒரு சின்ன வயசுத் தாய் வந்தாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர், தோளில் துண்டு, சம்சாரி. பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே ஒரு சிட்டிகை எடுத்தாள். பிள்ளை ஆ என்று வாயைத் திறந்தது.

எனக்குள் இருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

"ஏ தாயீ! வாயில வைக்காத! குப்பை! அது குப்பை!"

மேளக்காரர் கை நின்றுவிட்டது. கரும்பு மிஷினும் நின்றுவிட்டது. ரதவீதியே திரும்பி என்னைப் பார்த்தது. நான் தரையில்தான் நின்றேன். இதை அக்கா கவனிக்க வேண்டும், அப்போது அவள் அந்த இடத்திலேயே இல்லை.

மஞ்சள் சேலை அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "குப்பையா? அட பாவி மனுசா, சுத்துக்குச் சுத்து பூசிக்கிட்டு வாரேன். இப்பந்தான் உமக்கு வாய் தொறக்குதா?"

"விரதம் முடிஞ்சிட்டு போல" என்றார் கரும்புச்சாறுக்காரர்.

"என்ன குப்பைவே அது?" என்று ஒருவர் அதட்டினார்.

"உரம். செடிக்குப் போடுதது. வாழ எல... காய்கறி... கோவில் மாலை..."

மாலை என்றதும் கூட்டம் கொஞ்சம் அடங்கியது. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"வேற என்ன?"

"கொஞ்சம்... மீன் செதிலு."

"ஆடி மாசம் விரதம் இருந்து வாரேன், நெத்தியில மீன் செதிலாவே!"

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு முழுதாக நினைவில்லை. குழாயடியில் தள்ளுமுள்ளு. பொட்டலங்கள் மேசைக்குத் திரும்பி வந்தன. சில பொட்டலங்கள் என்மேல் வந்தன. கைப்பிள்ளையின் அப்பா மட்டும் தன் பொட்டலத்தை எறியவில்லை. பிரித்து, மோந்து, விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

அக்கா குங்குமமும் வியர்வையுமாக வந்து சேர்ந்தாள். "ஏலே தம்பி, ஒரு எட்டு போய்ட்டு வாரதுக்குள்ள ஊரைக் கூட்டிட்டியே! நான் காலையில இருந்து தொண்ட கிழியக் கத்துனேன், ஒரு பய திரும்பிப் பாக்கல!"

மேஸ்திரியும் ஓடிவந்தார். "உம்ம சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுதுவே. இந்தக் குரலை இத்தன வருசம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீரு?" கொட்டகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்று ராத்திரி பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுவி வைத்தேன்.

தபசு முடிந்து ஊர் ஓய்ந்தது. கொட்டகையைப் பூட்டும் உத்தரவு இன்றோ நாளையோ என்று காத்திருந்தோம். குப்பையைப் பிரசாதம் என்று கொடுத்த ஆளைப் பார்க்க வேண்டும் என்று சிலர் கொட்டகைக்கே வந்தார்கள். வந்தவர்களுக்கு அக்கா கதை சொன்னாள். கதை கேட்டவர்கள் வெறுங்கையோடு போகக் கூசி ரோஜாத் தொட்டிக்கு என்று ஒரு பை வாங்கிப் போனார்கள். ஆனால் பை பையாகப் போனால் கூரை வரைக்கும் இருக்கிற மூட்டை என்றைக்குத் தீரும்?

ஒருநாள் காலையில் குருவிகுளம் பக்கமிருந்து ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் அந்தக் கைப்பிள்ளையின் அப்பா. நான் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"அண்ணாச்சி, ஒளியாதீரும். சண்டைக்கு வரல. பிள்ள நல்லா இருக்கான்." சுற்றிலும் பார்த்தார். "எங்களுக்கு மானாவாரி. மழைக்கு முன்ன நிலத்துல எருப் போடணும். மாட்டெருவும் இப்பம் கெடைக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இதுல ஊசி, கண்ணாடி இருக்கா?"

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். இல்லை என்று சொல் என்று அர்த்தம்.

"இருக்கும்" என்றேன். "சலிச்சிருக்கேன். இருந்தாலும் ஒண்ணு ரெண்டு இருக்கும். வாளியில பிரிச்சுப் போட மாட்டேங்காங்க. வெறுங்கையால அள்ளாதீங்க, மண்வெட்டியால எறைங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவரோ சிரித்துவிட்டார்.

"ஓடிவந்து வாங்குத கூட்டத்தையே குப்பைன்னு சொல்லி வெரட்டுன ஆளு. நீரு இல்லைன்னு சொல்லியிருந்தாத்தான் யோசிச்சிருப்பேன். ஏத்தும்."

லோடு ஆட்டோ போய், இரண்டாம் நடைக்கும் வந்தது. பிறகு அவர் ஊர்க்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் ஊசி இருக்கா என்று கேட்டார்கள். எல்லோரிடமும் இருக்கும் என்றேன். இருந்தும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூட்டைக்குப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. அதில் ஒரு ஜன்னல் இருந்ததே எங்களுக்கு மறந்து போயிருந்தது. தொட்டிகள் காலியானதும் வெளியே கிடந்த குப்பை உள்ளே போயிற்று, நாற்றம் குறைந்தது. கொட்டகை இருக்கட்டும் என்று மேஸ்திரி சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஒரு சின்ன வேலை இருக்குவே."

செல்போனை என் வாய்க்கு நேரே நீட்டினார். பேட்டரி வண்டியில் மைக் கட்டி, குரலைப் பதிந்து தெருத்தெருவாகப் போடப் போகிறார்களாம். எதிரில் ஆள் இல்லை, போன்தானே என்று சொன்னார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தபசில் வந்த அதே சத்தம் வந்தது: "மக்குற குப்பையத் தனியாக் குடுங்க! ஊசி, கண்ணாடி போடாதீங்க! கழிவு நூல் போடாதீங்க!"

இப்போது தினமும் காலையில் என் குரல் ஊரைச் சுற்றுகிறது. நான் கொட்டகையில் கிளறிக்கொண்டிருக்கிறேன். வண்டி இந்தப் பக்கம் வந்தால் தொட்டிக்குப் பின்னால் போய்விடுவேன். மோர் கொடுத்த வீட்டம்மா, "அந்த மனுசன் ஊமைன்னுல்லா நெனச்சேன்" என்று வண்டிக்காரரிடம் சொன்னாராம். சொல்லிக்கொண்டே பிரிக்காத வாளியை நீட்டினாராம். முந்தாநாள்கூட பாம்பர்ஸ் வந்தது. நூலும் வந்தது. ஆனால் முன்னைக்குக் குறைவு.

எதிர்வீட்டு அண்ணாச்சி துண்டை மூக்கில் இருந்து எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். "மக்கா, நாத்தம் போச்சுன்னு பாத்தா இப்பம் உன் சத்தம். விடியக்காலம் தூங்க விட மாட்டியா?" அவர் வீட்டு மல்லிகைக்கு ஒரு மூட்டை கொண்டுபோய் வைத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டார், கோபம் குறையவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நல்ல மழை. குருவிகுளம் பக்கமும் பெய்ததாக லோடு ஆட்டோக்காரர் சொன்னார். மழை என்பதால் இன்றைக்குத் தொட்டியைக் கிளற முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஐப்பசி பதினொன்று, செவ்வாய்க்கிழமை.